ஐசியூ ஆய்வுக்கு அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டபோது

அப்பா வார்டுக்கு வந்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார். ஆனாலும் அந்தச் சம்மதப் பாரம் (படிவம்) விஷயத்தில் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கோலாலம்பூரில் உங்கள் வீட்டு ஆள் ஐசியூவில் இருக்கும்போது, "ஓர் ஆய்வில் சேர்க்கலாமா?" என்று யாராவது வந்து கேட்டால் உங்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நிமோனியா. எமர்ஜென்சியில் சேர்த்தது, குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அன்று சாயங்காலம் தொடங்கியது. ஆய்வுப் பிரிவிலிருந்து ஒருவர் ஐசியூ கதவுக்கு வெளியே வந்து, தம்பியிடம் ஆங்கிலப் பாரத்தை நீட்டி, "ஆக்சிஜன் ஆய்வு, பயப்பட ஒன்றுமில்லை, இங்கே சைன் போடுங்க" என்றார். தம்பி போட்டான். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்து, மனைவி இருக்கும்போது மகன் கையெழுத்து செல்லாது, அம்மாதான் போட வேண்டும், கல்யாணச் சான்றிதழும் வேண்டும் என்றார். தம்பி கொம்யூட்டர் ரயில் பிடித்து ரவாங் வீட்டுக்கு ஓடினான். அலமாரியைக் குடைந்து சான்றிதழோடு வந்து சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் "ஐசியே (அடையாள அட்டையே) போதுமே" என்கிறார். அப்பா உயிருக்குப் போராடிய நேரத்தில் பிள்ளையை ரயிலில் அலையவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மலாய் பேசுவார், படிக்க வராது. தமிழில் பாரம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். உடனே அந்தப் பக்கமாகப் போன ஓர் ஆளைக் கூப்பிட்டு, "சாட்சிக்கு ஒரு கையெழுத்து போடுங்க" என்றார் வந்தவர். நான் பாரத்தைக் கையில் வாங்கிப் படித்தேன். சாட்சி கையெழுத்திடும் கோட்டுக்கு மேலேயே அச்சடித்திருக்கிறது: விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சாட்சி கூடவே இருந்திருக்க வேண்டும், ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. விளக்கமே நடக்கவில்லை, அதற்குள் சாட்சியா? "டாக்டர் வந்து சொல்லட்டும்" என்று நின்றுவிட்டேன். குழாய் போட்ட 12 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். அந்த அவசரத்தை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சேராவிட்டாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும். அதுவும் பாரத்திலேயே எழுதியிருக்கிறது.

டாக்டர் வந்தார். சின்ன வயது மலாய்க்காரப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்துப் படுக்கை நோயாளியின் அண்ணன், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சாட்சியாக இருக்க ஒப்புக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொன்னார். டாக்டர், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை எடுத்து அம்மாவின் விரலில் மாட்டினார். 97 காட்டியது. "பாக்சிக்கும் (பெரியவருக்கும்) இந்த எண்ணைத்தான் பார்க்கிறோம். ஒரு குழுவுக்கு 90க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, தேவைக்கு மேல் உள்ள ஆக்சிஜனைக் குறைப்போம். இன்னொரு குழுவுக்கு எப்போதும் கொடுப்பது போலக் கொடுப்போம். யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும்."

"எது நல்லதுன்னு தெரியாமலா வைத்தியம் பாக்கறீங்க?" என்று அம்மா நேராகவே கேட்டார்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. சர்க்கரையை உதாரணமாகச் சொன்னார். விவரங்களை நான் பிறகு தேடிப் படித்தேன். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் ஐசியூவில் இறப்பு குறைகிறது என்று 2001இல் பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு சொன்னது. பல நாடுகளில் அதையே பின்பற்றினார்கள். 2009இல் வெளியான நைஸ்-சுகர் என்ற ஆய்வு 6,000க்கும் அதிகமான நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரையை 4.5 முதல் 6 mmol/L-க்குள் பிடித்து வைத்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 10 வரை விட்டவர்களில் 24.9 சதவீதம். நல்லது என்று நம்பிச் செய்த சிகிச்சையில் கூடுதலாக உயிர்கள் போயிருக்கின்றன. ஆக்சிஜனிலும் ஐசியூ-ராக்ஸ் என்ற ஆய்வு 1,000 பேரை வைத்துப் பார்த்தும் வெண்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்களில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன. அப்பாவின் சர்க்கரைக்குப் பார்த்துப் பார்த்துச் சமைக்கும் அம்மாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "அப்ப கணக்குப் பாத்தாத்தான் தெரியும். பாருங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்பா குறைந்த ஆக்சிஜன் குழுவில் விழுந்தார். இதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்: பக்கத்துப் படுக்கை மானிட்டரில் 99, நம் ஆளுக்கு 92. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு தமிழ் மிஸ்ஸிதான் (நர்ஸ்) கூட்டிக்கொண்டு போய் அலாரம் எந்த எண்ணில் அடிக்கும் என்று திரையிலேயே காட்டி, "அதுக்குக் கீழ போனா நான் ஓடி வந்துடுவேன்மா" என்றார். அதே மிஸ்ஸி காலையில் அப்பாவின் மயக்க மருந்தைக் குறைத்து, "அங்கிள், கண்ணத் திறங்க, என் கையப் பிடிங்க" என்று எழுப்புவார். அதற்கும் ஆய்வு உண்டு. நம் நாட்டிலேயே 11 மருத்துவமனைகளில் 259 பேரைக் கவனித்து 2013இல் வெளியிட்டார்கள்: முதல் 48 மணி நேரத்தில் ஆழமாக மயக்கி வைத்தவர்களுக்குக் குழாயை எடுக்கவும் தாமதமானது, இறப்பும் அதிகமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் கையில் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். நெறிமுறைக் குழு அனுமதித்த தமிழ்ப் பாரம்! அலுவலக அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அம்மா தானே உட்கார்ந்து படித்திருக்கலாம். அதனால், ஒருவர் "தமிழில் இல்லை" என்றால் டாக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களுக்கு வர வேண்டும். நான் வாங்காமல் நகரவில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

குழாய் எடுத்துத் தெளிந்த பிறகு அப்பாவிடமும் சம்மதம் கேட்டார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும். அம்மா போட்டது அவருக்குப் பதிலாகத்தானே. அப்பா கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, தமிழ்ப் பாரத்தை முழுக்கப் படித்துவிட்டே கையெழுத்துப் போட்டார். இனி வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து விசாரிப்பார்களாம். அப்பாவின் பழைய எண் இப்போது இல்லை, பாரத்தில் என் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எண் மாறினாலும் சொல்லிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்பது அவர்கள் கணக்கில் வராமலே போய்விடும்.