சண்டிகர்: ஒரு சுவர், கொஞ்சம் வளையல் துண்டுகள்

சண்டிகர் தலைமைச் செயலகத்தின் கான்கிரீட் சுவரில் சென்ட்ரிங் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. மேலே பூச்சு கிடையாது. விரலால் தடவினால் ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்கூடத் தட்டுப்படுகிறது. இது இருக்கும் கேப்பிட்டல் என்ற அரசு வளாகத்துக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். அவர் இதை வடிவமைத்த ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியேவின் பெயரைச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். எனக்குச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. இந்தப் பலகையை அடித்தது யார்?

பிரிவினையில் லாகூர் அந்தப் பக்கம் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் தேவைப்பட்டது. முதலில் வரைபடம் போட்டவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவரோடு வேலை செய்த மாத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்த பிறகுதான், 1951-இல் லெ கார்புசியே வந்தார். மேயரின் வளைந்த சாலைகளைப் பெரும்பாலும் நேராக்கினார். அவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போனவர். இங்கேயே தங்கி வீடுகளையும் பள்ளிகளையும் கட்டியவர்கள் பியர் ஜன்னரே, ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை. கூடவே ஊர்மிளா யூலி சௌத்ரி, எம். என். சர்மா, ஆதித்ய பிரகாஷ் என நம் ஊர் இளைஞர்கள். ஐரோப்பாவுக்குப் போய் ஆள் தேடி அழைத்து வந்தவர்களே பஞ்சாப் அதிகாரிகளான பி. எல். வர்மாவும் பி. என். தாப்பரும்தான். ஆனால் நவீனக் கட்டடக்கலை வரலாறு எழுதும்போது, இந்த ஊரை ஒரே மனிதரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

கட்டுமானக் காலத்துப் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? சித்தாள் பெண்கள் கான்கிரீட் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தின் சரிவில் வரிசையாக ஏறுகிறார்கள். இயந்திர யுகத்தின் கட்டடம் என்று உலகம் கொண்டாடுவது தலைச்சுமையில் எழும்பியது. இயந்திரம் குறைவு, கூலி மலிவு. அந்தச் சுவரின் சொரசொரப்பில் இதற்கும் பங்கு உண்டு. அதைக் கட்டடக் கலைஞரின் ரசனை என்று மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, இது ஒன்றும் வெறும் பொட்டல் இல்லை. இங்கே கிராமங்கள் இருந்தன, மாந்தோப்புகள் இருந்தன. சண்டிகர் என்ற பெயரே சண்டி அம்மன் கோயிலால் வந்தது. நகரத்துக்காக அந்த மக்கள் நிலத்தைவிட்டு எழுந்து போனார்கள்.

அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் ராக் கார்டனுக்கு நடந்தேன். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடித்த கிராமங்களின் கழிவுகளைச் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் பல வருஷங்கள் உருவாக்கிய இடம். 1976-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த பீங்கான், ஓட்டுச் சில்லு, கம்பி எல்லாம் மனிதர்களாக நிற்கின்றன. ஒரு வரிசைப் பெண் உருவங்களுக்கு உடம்பு முழுக்க உடைந்த கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, நீலம். மாலை வெயில் அவற்றின் மேல் பட்டுக்கொண்டிருந்தது. வாசல் மூடும் நேரம் வரை அங்கேயே நின்றேன்.