எட்டாவது பிறந்தநாளும் இடுப்பெலும்பும்

என் மகளுக்கு எட்டு வயது நிறைந்த மறுநாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் அவசரத்துக்கு நடுவிலும் அவள் காரின் பின்கதவைத் திறந்து, இரண்டு ஆண்டுகளாகத் தான் இருந்து வந்த பூஸ்டர் சீற்றை, அதாவது பட்டி சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி வைக்கும் துணை இருக்கையை, இரு கைகளாலும் இழுத்தெடுத்து, கராஜின் மூலையில் பனிக்கால டயர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். "அம்மா, எனக்கு எட்டு வயசாச்சு. இனி அது தேவையில்லைத்தானே?" என்று கேட்டாள். அன்று அவள் உயரம் 126 சென்ரிமீற்றர். சமையலறைக் கதவு நிலையில் முதல்நாள்தான் பென்சிலால் கோடு போட்டிருந்தோம்.

சட்டப்படி அவள் சொன்னது சரி. நாங்கள் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எட்டு வயது, 36 கிலோ எடை, 145 சென்ரிமீற்றர் உயரம் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய பிள்ளை, பூஸ்டர் இல்லாமல் காரின் ஆசனப்பட்டியை மட்டும் அணிந்து பயணம் செய்யலாம். மூன்றும் சேர வேண்டும் என்பதில்லை, ஒன்றே போதும். ஆனால் இந்த மூன்றும் ஒரே காலத்தில் வருவன அல்ல. கனடாவின் மருத்துவர்கள் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால், எட்டு வயதுப் பெண் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 127 சென்ரிமீற்றர். 145ஐத் தொடுவதற்குப் பதினொரு வயதாகிவிடும். இடையில் கிடக்கும் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

அன்று நான் மறுத்துப் பேசவில்லை. பின்னிருக்கையில் அப்படியே இருக்கச் சொல்லி, பட்டியைப் பூட்டச் சொன்னேன். முதுகை இருக்கையோடு ஒட்டி நிமிர்ந்து இருந்தபோது அவளுடைய முழங்கால்கள் இருக்கையின் விளிம்பைத் தாண்டவில்லை. கால்கள் இரண்டும் பொம்மையின் கால்கள் போல நேராக நீட்டிக்கொண்டு நின்றன. அப்படி யாராலும் நெடுநேரம் இருக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள்ளேயே முழங்காலை மடிப்பதற்காக அவள் முன்னோக்கிச் சறுக்கினாள். சறுக்கிய அந்தக் கணத்தில், தொடையின் மேல் கிடந்த இடுப்புப் பட்டி மேலேறி வயிற்றின் நடுவில் வந்து நின்றதையும், தோள் பட்டி கழுத்தை உரசியதையும், கழுத்து அரிக்கவே அவள் அதைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எந்தக் குழப்படியும் செய்யவில்லை. அந்த இருக்கையும் அந்தப் பட்டியும் வளர்ந்தவரின் உடலுக்காக அமைக்கப்பட்டவை. அவ்வளவுதான் காரணம்.

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மும்முனைப் பட்டியை வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். மோதலின் விசையை உடலின் வலிமையான எலும்புகளான இடுப்பெலும்பும் மார்புக்கூடும் தாங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வளர்ந்தவர் இடுப்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தால், முன்புறத்தில் ஒரு கெட்டியான முனை தட்டுப்படும். பட்டி மேலே ஏறிவிடாமல் கொக்கி போலத் தடுத்துப் பிடிப்பது அதுதான். மகளின் விரலைப் பிடித்து முதலில் என் இடுப்பில் வைத்தேன், பிறகு அவள் இடுப்பில் வைத்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு அந்த முனை இன்னும் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பருவமடையும் காலத்தில்தான் அது திரண்டு வருகிறது. ஆகவே விபத்தின்போது பட்டி எலும்பைப் பிடிக்காமல் மென்மையான வயிற்றுக்குள் புதைந்து குடலையும் கல்லீரலையும் மண்ணீரலையும் நசுக்கலாம். உடல் பட்டியின் மேலாக முன்னோக்கி மடிவதால் கீழ் முள்ளந்தண்டும் முறியலாம். இந்தக் காயங்களின் கூட்டத்துக்கு மருத்துவர்கள் ஆசனப்பட்டியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பூஸ்டர் செய்வது மிக எளிமையான வேலை. பிள்ளையைச் சற்று உயர்த்தி, முழங்கால் இயல்பாக மடியும்படி இருக்கையின் நீளத்தைக் குறைத்து, பட்டியைத் தொடைமேல் தாழ்வாகவும் தோளின் நடுவிலும் படியச் செய்கிறது. 1978இலேயே வொல்வோ இத்தகைய மெத்தையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நான்கு முதல் எட்டு வயதுவரையான பிள்ளைகள் பூஸ்டரில் இருக்கும்போது, பட்டியை மட்டும் அணிந்த பிள்ளைகளைவிடக் காயமடையும் வாய்ப்பு 45 சதவீதம் குறைவு என்று பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

எங்கள் குடும்பம் பல நாடுகளில் சிதறியிருப்பதால், ஒரே எலும்புக்குப் பல சட்டங்கள் இருப்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. இலண்டனில் இருக்கும் தங்கையின் மகன் 135 சென்ரிமீற்றர் உயரத்தையோ பன்னிரண்டு வயதையோ எட்டும்வரை பூஸ்டரில் இருக்க வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் மச்சாளின் மகளுக்கு அந்த எல்லை 150 சென்ரிமீற்றர் அல்லது பன்னிரண்டு வயது. எனவே சட்டத்தின் எண்ணைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். முடிவைப் பட்டி படியும் இடத்தைப் பார்த்தே எடுக்கிறேன். முதுகு முழுவதும் இருக்கையோடு ஒட்டியிருக்கிறதா, முழங்கால் விளிம்பில் மடிகிறதா, இடுப்புப் பட்டி தொடையின் மேற்பகுதியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதா, தோள் பட்டி கழுத்துக்கும் கைக்கும் நடுவில் செல்கிறதா, பயணம் முடியும்வரை, தூக்கம் வந்தாலும்கூட, பிள்ளை அப்படியே இருப்பாளா? ஐந்துக்கும் ஆம் என்றால் பூஸ்டரை எடுத்துவிடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது இருக்கட்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான பெற்றோர் மறப்பது கடைசிக் கேள்வியைத்தான். வீட்டு வாசலில் சரியாக இருக்கும் பிள்ளை, மொன்றியலுக்குப் போகும் ஐந்தரை மணி நேரப் பயணத்தில் ஒரு பக்கம் சரிந்து தூங்கும்போது பட்டி எங்கே போகிறது என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அம்மா முதலில் இதை ஏற்கவில்லை. "உங்களை எல்லாம் மடியிலை வைச்சுத்தானே யாழ்ப்பாணம் முழுக்கக் கொண்டு திரிஞ்சனாங்கள்" என்றார். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரில் பட்டியே இருக்கவில்லை என்பதும், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அது ஊர்ந்துதான் சென்றது என்பதும் உண்மை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீற்றருக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரின் உடல் தன் எடையைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விசையைச் சந்திக்கும் என்று அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பேத்தியின் எடை 25 கிலோ. அந்தக் கணத்தில் அரை தொன். யாருடைய கையும் அதைத் தாங்காது. அதன்பின் அம்மா எதுவும் சொல்லவில்லை. தன் காருக்கும் முதுகுப்பகுதி இல்லாத ஒரு பூஸ்டரை வாங்கித் தரும்படி மட்டும் கேட்டார்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தடித்த குளிர் ஜக்கெற்றின் மேல் பட்டியைப் பூட்டினால் அது இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும். மோதலில் ஜக்கெற்றின் பஞ்சு நசுங்கியதும் பட்டி தளர்ந்துவிடும். ஆகவே சனவரி மாதத்திலும் மகள் காருக்குள் ஏறியதும் ஜக்கெற்றைக் கழற்றி, பட்டியைப் பூட்டிய பிறகு, அதைப் போர்வையாக மேலே போட்டுக்கொள்கிறாள். ஆள் இல்லாத பூஸ்டரையும் பட்டியால் பூட்டி வைக்கிறோம், இல்லாவிட்டால் மோதலில் அதுவே பறந்து வந்து யாரையாவது அடிக்கும்.

இப்போது அவளுக்குப் பத்தரை வயது, உயரம் 143. எங்கள் காரில் ஐந்து கேள்விகளுக்கும் சென்ற மாதம்தான் முதன்முறையாக ஆம் என்ற பதில் கிடைத்தது. பதிலைச் சொன்னது நான் அல்ல, அவள்தான்; தானே விரலை இடுப்பில் வைத்து, பட்டி எங்கே கிடக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இருக்கை ஆழமான என் அக்காவின் வான் வண்டியில் ஏறினால் முழங்கால் இன்னும் விளிம்புக்கு வரவில்லை. அதனால் வீட்டுக் காரிலிருந்து எடுத்த பூஸ்டரைக் கராஜில் வைக்காமல், அவளே தூக்கிக்கொண்டுபோய் அக்காவின் வானில் வைத்தாள்.