1911 கைத்துப்பாக்கியில் சுழன்றுகொண்ட எக்ஸ்ட்ராக்டர்

என்னுடைய .45 காலிபர் 1911 ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டது. சுட்ட தோட்டாக்களின் காலி உறைகள் இப்போது வலப்புறமாகவும் சற்றுப் பின்தள்ளியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. இதற்கு முன்பு ஓர் உறை சரியாக வெளியேறும், அடுத்தது என் நெற்றியில் வந்து மோதும், அதற்கடுத்தது, சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடுக்கும் பேரல் என்ற குழலுக்கும் நடுவே செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். எப்போதும் ஒரே விதமாகத் தவறுகிற துப்பாக்கியில் காரணத்தைத் தேடுவது எளிது. முறைக்கு ஒரு விதமாகத் தவறுவதுதான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும்.

தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின்களுக்கு எண் எழுதி, எந்த எண்ணில் தவறுகிறது என்று குறித்துப் பார்த்ததில் எல்லாவற்றிலும் தவறியது. 230 கிரெய்ன் எடையுள்ள உருண்டை முனைக் குண்டு கொண்ட தோட்டாக்களை வெவ்வேறு தயாரிப்புகளில் வாங்கிச் சுட்டும் மாற்றமில்லை. இங்கே டெக்சாசில் நான் முதலில் கொண்டுபோய்க் காட்டிய பழுதுபார்ப்பவர், ஐந்து அங்குல பேரலுக்கு வழக்கமாகப் போடும், பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளும் 16 ராத்தல் ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 18.5 ராத்தல் ஸ்பிரிங்கைப் போட்டு, காலி உறையைக் கொக்கியால் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் சற்று வளைத்து இறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு உறைகள் கொஞ்சம் குறைந்த தூரத்தில் விழுந்தன என்பதைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை. கீல் ஆடுகிற கதவுக்குத் தாழ்ப்பாளை முறுக்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது அந்த வேலை. கூலி மட்டும் குறையவில்லை.

எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கத்தை நானே சோதித்தேன். ஸ்லைடைக் கழற்றி, பேரலை எடுத்துவிட்டு, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவின் ரிம்மை, அதாவது அடி விளிம்பை, கொக்கிக்குக் கீழே செருகி, ஸ்லைடை மெல்ல ஆட்டினால் தோட்டா விழாமல் நிற்க வேண்டும்; கொஞ்சம் வேகமாக உதறினால் விழ வேண்டும். என்னுடையது இந்தச் சோதனையில் பழுதின்றித் தேறியது. ஆனால், மேகசினிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டு, மேகசினை வெளியே எடுத்துச் சுட்டபோது கதை மாறியது. கீழே தாங்குவதற்கு அடுத்த தோட்டா இல்லாத அந்த நிலையில் உறையைப் பிடித்திருப்பது எக்ஸ்ட்ராக்டர் மட்டுமே. சில முறை உறை வெளியே பாய்ந்தது; சில முறை மேகசின் துளை வழியாகக் கால் பக்கமே விழுந்தது. கையில் பார்க்கும்போது சரியாக இருக்கும் இறுக்கம் சுடும்போது மட்டும் காணாமல்போகிறது என்றால், கொக்கி தன் இடத்தில் நிற்கவில்லை என்றுதான் பொருள்.

1911-இன் எக்ஸ்ட்ராக்டர் ஒரே துண்டான ஸ்பிரிங் எஃகு. அது ஸ்லைடுக்குள் நீளவாட்டில் துளைத்த உருண்டையான பள்ளத்தில் கிடக்கிறது. உருண்டையான இடத்தில் கிடக்கும் உருண்டையான பொருள் தன் அச்சில் சுழலத்தான் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் பிடிப்பது பின்பக்கம் இருக்கும் ஃபயரிங் பின் ஸ்டாப் என்ற சிறிய தகடு; தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசியையும் அதுதான் வெளியே வராமல் தடுக்கிறது. தகட்டின் வலது ஓரம் எக்ஸ்ட்ராக்டர் வாலில் உள்ள வெட்டுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. தகட்டின் அகலம் குறைவாக இருந்தால் அந்த வெட்டில் இடைவெளி விழும், எக்ஸ்ட்ராக்டர் சுழலும், கொக்கி சாயும், ஒவ்வொரு தோட்டாவின் ரிம்மும் வெவ்வேறு கோணத்தில் பிடிபடும். சோதிப்பது மிக எளிது: எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, சிறிய திருப்புளியின் முனையைக் கொக்கியின் மேல் வைத்து மேலும் கீழும் நெருடிப் பார்த்தால் போதும். என்னுடையது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடியது. இவ்வளவு விலைக்கு விற்கும் துப்பாக்கியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இதற்காக வடிவமைப்பைக் குறை சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. 1911 மார்ச்சில் நடந்த அமெரிக்க ராணுவச் சோதனையில் ஜான் பிரௌனிங்கின் இந்தத் துப்பாக்கி 6000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டது. பொருத்துகிற கை சரியாக இருந்தால் இது ஓடும். பொருத்துவதற்குக் கை வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான். பிரௌனிங் தொடங்கி, அவருக்குப் பின் பெல்ஜிய வடிவமைப்பாளர் சைவ் முடித்த ஹை-பவர் கைத்துப்பாக்கியிலேயே 1962-இல் இப்படிப்பட்ட உள் எக்ஸ்ட்ராக்டரை விட்டுவிட்டு வெளி எக்ஸ்ட்ராக்டருக்கு மாறினார்கள்.

தீர்வு, அகலம் கூடுதலாக விட்டுச் செய்யப்பட்ட ஸ்டாப்பை வாங்கி அராவிப் பொருத்துவதுதான். பென்சில்வேனியாவில் இருக்கும் ஈஜிடபிள்யூ நிறுவனத்தின் தகட்டை வரவழைத்தேன். அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1911-இன் பிடியோடு சேர்ந்த அடிப்பாகமான சட்டகம் மட்டுமே துப்பாக்கி என்று கணக்கில் வருவதால், இந்த மாதிரி உதிரிபாகங்கள் சாதாரணத் தபாலிலேயே வந்துவிடும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுவதால், ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம்.

அராவும் வேலையைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். வந்த தகடு ஸ்லைடின் பள்ளத்தில் நுழையவே நுழையாது. அப்படித்தான் இருக்க வேண்டும். முதலில் அரத்தைத் தொடக்கூடாது, தட்டையான கண்ணாடியின் மேல் எண்ணெய்க்கல்லை வைத்து, தகட்டின் ஓரம் சாயாமல் நேராகப் பிடித்துத் தேய்க்க வேண்டும். நீலச் சாயம் பூசி, உள்ளே தள்ளி, எடுத்து, சாயம் அழிந்திருக்கும் இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். இடது ஓரம் ஸ்லைடின் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும் வரை தேய்த்த பிறகு அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம். உயிர் முழுவதும் எக்ஸ்ட்ராக்டர் பக்கத்து ஓரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே வைத்தே பொருத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ட்ராக்டர் இல்லாத ஸ்லைடில் தகடு லேசாக இறங்குவது எதையும் நிரூபிப்பதில்லை. கட்டை விரலால் அழுத்தினால் தகடு தயங்கித் தயங்கி ஏறி, ஃபயரிங் பின் அதன் துளையில் வந்து நின்றதும், திருப்புளியால் நெருடினாலும் கொக்கி அசையாத நிலைதான் இலக்கு. அதற்கு மேல் ஒரு தேய்ப்புக்கூட வேண்டாம். கழற்றும்போது ஃபயரிங் பின் தெறித்துக் கண்ணைப் பதம் பார்த்துவிடும் என்பதால், இந்த வேலை முழுவதும் கண்ணாடி அணிந்தே செய்தேன்.

சுழற்சி நின்ற பிறகுதான் இறுக்கத்தைத் திருத்துவதில் அர்த்தம் உண்டு. பழுதுபார்ப்பவர் கூட்டிய இறுக்கம் இப்போது அதிகமாகத் தெரிந்தது. மேகசினிலிருந்து மேலேறும் ரிம் கொக்கிக்குக் கீழே எளிதாக நழுவிப் போகாமல், ஸ்லைடு முழுவதும் மூடாமல் நின்றது. சற்றே எதிர்ப்பக்கம் வளைத்து, கொக்கியின் கீழ் மூலையைக் கல்லால் மெல்ல உருட்டி மெருகேற்றியதும் சரியாகிவிட்டது. 16 ராத்தல் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

தகட்டின் அடிப்பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. பிரௌனிங்கின் மூல வடிவில் அந்த விளிம்பில் 5/64 அங்குல வளைவுதான் இருந்தது. ஸ்லைடை இழுப்பது எளிதாக வேண்டும் என்று பின்னர் ராணுவம் அதைப் பெரிதாக்கியது. ஈஜிடபிள்யூ தகடு கிட்டத்தட்ட சதுரமாகவே வருகிறது. விளிம்பு சதுரமாக இருந்தால் ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னால் தள்ள ஸ்லைடு கூடுதலாகப் பாடுபட வேண்டியிருப்பதால், அதன் தொடக்க வேகம் குறைந்து உதைப்பு மிருதுவாகத் தெரியும். கையால் இழுப்பது மட்டும் கடினமாகும். கூர்மையை மட்டும் இப்போதைக்கு உடைத்து வைத்திருக்கிறேன். பழைய 5/64 வளைவையே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அதை முடிப்பதற்குள்ளேயே வுல்ஃப் நிறுவனத்தின் 14 ராத்தல் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிட்டேன். சதுர விளிம்பும் இலகுவான ஸ்பிரிங்கும் சேர்ந்தால் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விளிம்பில் கை வைப்பேன்.