எல்லாத்தையும் கேஸ்னு சொல்லாதீங்க

நம்ம சேலத்துல வயித்துல என்ன பிரச்சனைன்னாலும் அதுக்கு ஒரே பேரு தான், கேஸ். நெஞ்சு கரிச்சா கேஸ், மேல் வயிறு வலிச்சா கேஸ், ரெண்டு இட்லி சாப்டதுமே போதும்னு தோணுச்சா அதுவும் கேஸ். மெடிக்கல்ல போய் "அண்ணா, கேஸ் மாத்திரை"ன்னு கேட்டா அமிலத்த குறைக்கற பான்டோப்ரசோல் மாத்திரை ஒரு அட்டை குடுத்துருவாங்க, அதோட விட்டுருவோம். எங்க பெரியப்பாவுக்கு இப்படியே தான் ரொம்ப நாள் ஓடுச்சு. அம்மாபேட்டைல தறி ஓட்டுனவரு, காலைல தறிக்குழில எறங்குனா ராத்திரி வரைக்கும் கன்னத்துல வெத்தலையும் போயிலையும் அடக்கி வெச்சுகிட்டே தான் வேலை பாப்பாரு. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆனதுக்கப்புறம் தான் பெரியம்மா சண்டை போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க. இரைப்பை கேன்சர். ஆபரேஷன்ல இரைப்பைல பெரும்பகுதிய எடுத்தாச்சு, ஆள் நல்லா இருக்காரு, ஆனா இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளையா பிரிச்சு தான் சாப்ட முடியுது.

அதுக்கப்புறம் நான் டாக்டருங்ககிட்ட கேட்டதும் படிச்சதும் தான் இங்க எழுதறேன், நம்ம ஊர்க்காரங்க அவசியம் தெரிஞ்சுக்கணும்.

காரம் சாப்டறதால தான் இந்த கேன்சர் வருதுன்னு நெனைக்கறத முதல்ல விடுங்க, இதுக்குப் பின்னாடி ஒரு கிருமி இருக்கு, ஹெலிகோபாக்டர் பைலோரி. சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு, சுத்தமில்லாத தண்ணி சாப்பாடு வழியா, வயித்துக்குள்ள போய் உக்காந்துரும். 1982ல ஆஸ்திரேலியால பாரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு பேரு இத கண்டுபிடிச்சாங்க, யாருமே நம்பல, வயித்து அமிலத்துல எந்த கிருமி உயிரோட இருக்கும்னு கேட்டாங்க. மார்ஷல் 1984ல அந்த கிருமிய தானே குடிச்சு இரைப்பை அழற்சிய வரவெச்சு காட்டுனாரு! 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இத கேன்சர் வரவைக்கற கிருமின்னு அறிவிச்சிருச்சு. பயப்பட வேண்டாங்க, நம்மள்ல பாதி பேருக்கு மேல இது இருக்கு, அதுல ரொம்ப கொஞ்சம் பேருக்கு தான் கேன்சர் வரைக்கும் போகுது. ஆனா வீட்ல அப்பா அம்மா, அண்ணன் தம்பிக்கு இந்த நோய் வந்திருந்தா கட்டாயம் டெஸ்ட் எடுங்க, அப்படிப்பட்ட வீட்டு ஆளுங்களுக்கு ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு. எங்கப்பாவுக்கு எடுத்தோம், பாசிட்டிவ். ரெண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலத்த குறைக்கற மாத்திரையும் 14 நாள், வாயெல்லாம் கசக்குதுன்னு புலம்புனாரு, நடுவுல நிறுத்தவே கூடாதுன்னு அம்மா பக்கத்துலயே நின்னு குடுத்தாங்க. கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பாத்தா தான் கிருமி போச்சான்னு தெரியும், அத நெறைய பேரு பாக்கறதே இல்ல.

அடுத்தது உப்பு, எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது இது தான். மாசி பங்குனி வெயிலுக்கு எங்க தெருவுல மொட்டை மாடி பூரா ஜவ்வரிசி வத்தல், மோர் மிளகாய், அந்தப் பக்கம் கொடில உப்புக்கண்டம், கறிய நீள நீளமா அறுத்து உப்பும் மஞ்சளும் மிளகாத்தூளும் பெரட்டி நூல்ல கோத்து தொங்க விட்ருப்பாங்க, உப்பு பூத்து வெள்ளையா தெரியும். அப்புறம் கருவாடு, வடுமாங்கா. சோத்துல உப்பு, குழம்புல உப்பு, அதுக்கு மேல அப்பளம் ஊறுகாய். அளவுக்கு மீறுன உப்பு இரைப்பையோட உள்சவ்வ அரிச்சு புண்ணாக்குது, ஏற்கனவே கிருமி இருக்கற வயித்துல இது இன்னும் மோசம். ஜப்பான், கொரியால உப்பு போட்ட மீனும் ஊறுகாயும் அதிகம், இந்த கேன்சரும் அதிகம். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்து உப்புல ஊறவெச்சு பதப்படுத்தறது குறைஞ்சதும் உலகம் பூரா இந்த நோய் குறைஞ்சதுக்கு ஒரு முக்கிய காரணம்னு சொல்றாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். இப்ப எங்க வீட்ல உப்புக்கண்டம் விருந்தாளி வந்தா மட்டும் தான், கருவாட்ட சுடுதண்ணில நல்லா ஊறவெச்சு கழுவிட்டு தான் குழம்புக்கு போடறோம், ஊறுகாய் பாட்டில் டேபிள்ல இருந்து அலமாரிக்கு போயிருச்சு.

போயிலைக்கு சமாதானமே கிடையாது. இந்தியாவுலயே இந்த கேன்சர் அதிகமா இருக்கறது மிசோரம்ல, அங்க புகைல வாட்டுன கறி சாப்டறதும், போயிலைப் புகைய தண்ணில எறக்கி அந்த தண்ணிய வாயில வெச்சுக்கறதும் பழக்கம், ரெண்டுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. பீடி சிகரெட்டும் அப்படி தான். தினமும் நெறைய குடிக்கறவங்களுக்கும் ரிஸ்க் கூடுது, உடம்பு எடை ஏறுனா இரைப்பையோட மேல் பகுதில வர்ற கேன்சருக்கு வாய்ப்பு கூடுது.

நல்லது பண்றது பழமும் காய்கறியும். ஏற்காடு போனா நம்மாளுங்க மிளகாய் பஜ்ஜி கடைல தான் நிக்கறாங்க, பக்கத்துலயே கொய்யாவும் ஆரஞ்சும் கூடைல வெச்சுகிட்டு பாட்டிங்க உக்காந்திருப்பாங்க, அங்க வாங்குங்க. அதுல இருக்கற வைட்டமின் சி, வயித்துக்குள்ள நைட்ரோசமைன்ங்கற கெட்ட பொருள் உருவாகறத தடுக்குது. மாத்திரையா போட்டா அதே பலன் வரும்னு நம்பிறாதீங்க, பழமாவே சாப்டுங்க.

கொஞ்சம் சாப்டதுமே வயிறு நெறையறது, காரணமில்லாம எடை குறையறது, மலம் தார் மாதிரி கருப்பா போறது, முழுங்க கஷ்டமா இருக்கறது, வாந்தி நிக்காம வர்றது, ரத்த சோகை, இதுல எது இருந்தாலும் மெடிக்கல் கடைக்கு போகாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. அமில மாத்திரை வலிய அமுக்கிரும், உள்ள நடக்கறது தெரியாம போயிரும். வாய் வழியா கேமரா வெச்ச குழாய விட்டு வயித்துக்குள்ள பாக்கறது தான் எண்டோஸ்கோபி, அதுன்னா பயந்துக்கறாங்க, வெறும் வயித்துல போகணும், தொண்டைல மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, கொஞ்சம் ஓங்கரிக்கும், பெரும்பாலும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு அன்னிக்கே வீட்டுக்கு வந்துரலாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் பாக்கறாங்க.