ஒரு பாப் பாட்டுக் கட்டுரை: இதுவரை நடந்த வேலை

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பாப் பாட்டின் கட்டுரையை நாலைந்து பேராகச் சேர்ந்து தேற்றிக்கொண்டிருக்கிறோம். பாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பாடகியின் பக்கம் திரும்பிவிடும், பின்னாலேயே ரசிகர் படையும் வந்துவிடும். மூன்று நிமிடம் நாற்பது விநாடிப் பாட்டு, ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. அது போதும்.

கையில் எடுத்தபோது நாலு வரி அறிமுகம், பாதிக்குப் பாதி செத்த இணைப்புகள், கீழே நாடு நாடாகத் தரவரிசை அட்டவணை. பாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் கீழிருந்து வளர்கின்றன. எண்களைச் சேர்ப்பது சுலபம். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதுவதுதான் பெரும்பாடு.

யாரும் உட்கார்ந்து வேலை பிரிக்கவில்லை. அவரவர் கிறுக்குக்கு ஏற்ப அதுவாகவே பிரிந்துகொண்டது. ஒருவர் தரவரிசை அட்டவணையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடம் என்று யாராவது சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார். ஒரே கடையின் பட்டியலைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அங்குள்ள நெறி. 'அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகள் விற்றது' என்று நெடுநாளாக இருந்த வரியை மாற்றியதும் அவர்தான். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தரும் பிளாட்டினம் சான்று 10 லட்சம் 'அலகுகளுக்கு'. அந்த அலகுக் கணக்கில் 2013 முதல் ஸ்ட்ரீமிங்கும் சேர்கிறது. 2016இலிருந்து 150 முறை ஓடினால் ஓர் அலகு. ஆகவே 'விற்றது' போய் 'சான்று பெற்றது' வந்தது. ஒரே சொல்தான், ஆனால் அதன் பின்னால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பவர்கள் பேசிக்கொள்ளும் இடம்) நீண்ட விவாதம் கிடக்கிறது.

இன்னொருவர் செத்த இணைப்புகளுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பிரதி தேடுகிறார். இந்த வேலைக்கு பாட் (தானாகத் தொகுக்கும் நிரல்) இருக்கிறதே என்று கேட்கலாம். பாட் பிரதியைக் கொண்டுவந்து வைக்கும். உள்ளே இருப்பது விமர்சனமா, 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்பா என்று ஆள்தான் திறந்து பார்க்க வேண்டும். இவருக்கு அந்தப் பாட்டே பிடிக்காது என்பது வேறு விஷயம். எங்களில் அதிகம் உழைத்தவர் அவர்தான் என்பேன். ரசிகர் கண்ணுக்குத் தட்டுப்படாத புகழ்ச்சியெல்லாம் அவர் கண்ணில் முள்ளாகக் குத்துகிறது.

என் பங்கு இசையமைப்பும் விமர்சனமும். பாட்டைப் போட்டு, தாளம் எண்ணி, 'நிமிடத்துக்கு இத்தனை அடி' என்று எழுதினால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியாவில் நிற்காது. அச்சிட்டு வந்த இசைக்குறிப்பு வேண்டும். தேடிப் பிடித்து வேகம், ஸ்கேல், குரலின் வீச்சு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதினேன். கீபோர்டு வாசிக்கும் ஒரு பயனர் பேச்சுப் பக்கத்துக்கு வந்தார். ஒலிப்பதிவில் ஸ்கேல் அரைச்சுரம் தள்ளி இருக்கிறது என்றார். நானும் வாசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. ஆனால் எங்கள் இருவர் காதும் ஆதாரமாகாதே! இசைக்குறிப்பு விற்கும் தளங்களில் ஒரே பாட்டு பல ஸ்கேல்களில் கிடைக்கும். அதனால் முதலில் வெளியான பதிப்பு எது என்று தேடினோம். அதிலும் நான் எழுதிய அதே ஸ்கேல்தான். பொய் என்று தெரிந்ததை ஆதாரம் இருக்கிறதே என்று எழுதுவதா, மெய் என்று தெரிந்ததை ஆதாரம் இல்லாமல் எழுதுவதா? கடைசியில் ஸ்கேலை மட்டும் விட்டுவிட்டோம். எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் கூட்டு வேலையின் பாதி நேரம் போகிறது.

இசைவகைச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பாட்டுக் கட்டுரையிலும் இது உண்டு. கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் தகவல்பெட்டியில் ஒருவர் 'டான்ஸ்-பாப்' என்பார், அடுத்தவர் 'சிந்த்-பாப்' என்று மாற்றுவார், முன்னவர் மீளமைப்பார், அதாவது பழையபடி ஆக்குவார். 24 மணிநேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழலாம். ஆதாரம் இரண்டுக்கும் இருந்ததால் இரண்டையும் வைத்து, 'ஆதாரமின்றி மாற்றாதீர்' என்று வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பொன்றைக் கட்டுரை மூலத்தில் போட்டோம். அதையும் தாண்டி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

விமர்சனப் பகுதியில் ஒரே வாக்கியம் எத்தனை கை மாறியது என்று கட்டுரையின் திருத்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். 'இப்பாடல் உலகெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது' என்பது முதல் வடிவம். ஒருவர் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று குறிச்சொல் ஒட்டினார். அடுத்தவர் 'விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினர்' என்று திருத்தினார். எத்தனை பாராட்டு, எத்தனை திட்டு என்று நாமே எண்ணி 'பெரும்பாலும்' என்று முடிவு கட்டக்கூடாது என்றார் மூன்றாமவர். அது நியாயம்தான். இப்போது இருப்பது: 'பல்லவியின் மெட்டைப் பாராட்டிய விமர்சகர்கள் சிலர், வரிகளில் சரக்கில்லை என்றும் எழுதினர்.' ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி மேற்கோள். முதல் வரியில் இருந்த உற்சாகம் போய்விட்டது, ஆனால் இதைப் படித்தால் பாட்டைப் பற்றி ஏதாவது தெரிகிறது.

இந்த வாரம் முழுக்க ஒலித்துணுக்கு விவகாரம். பதிப்புரிமை உள்ள பாட்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு அல்லது 30 விநாடி, இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான் வைக்கலாம், அதுவும் தரம் குறைத்து. நம் பாட்டு 220 விநாடி, ஆகவே 22 விநாடி. எந்த 22? எல்லோருக்கும் தெரிந்த பல்லவியை வை என்றது ஒரு கட்சி. நான் பல்லவிக்கு முந்தைய இடத்தைக் கேட்டேன்: டிரம்ஸ் நின்று, குரல் மட்டும் இரண்டு அடி தொங்கி, பிறகு பேஸ் வந்து விழும் இடம். இரண்டு விமர்சகர்கள் அந்த இடத்தைத்தான் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். உரிமையுள்ள ஒலியை வைப்பதென்றால் கட்டுரை பேசும் விஷயத்தை அது கேட்கக் கொடுக்க வேண்டும், சும்மா அலங்காரத்துக்கு வைக்க முடியாது. இந்த வாதம் எடுபட்டது. அந்த நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் தொடங்கினால் பல்லவியின் முதல் வரியும் உள்ளே வந்துவிடுகிறது என்று பாட்டுப் பிடிக்காதவரே வெட்டிக் கொடுத்தார்.

விக்கிப்பீடியா தரும் 'நல்ல கட்டுரை' என்ற தகுதிக்குப் பரிந்துரைத்திருக்கிறோம். கட்டுரையில் கைவைக்காத ஒருவர்தான் வந்து மதிப்பிட வேண்டும், யாரும் இன்னும் எடுக்கவில்லை. வரிசை நீளம். அதற்குள் முடிக்க வேண்டியவை: மேடை நிகழ்ச்சிகள் பகுதி இன்னும் தேதிப் பட்டியலாகவே இருக்கிறது, பழைய அச்சு இதழ் மேற்கோள் ஒன்றுக்குப் பக்க எண் இல்லை. இதழின் பிரதி தன்னிடம் இருப்பதாகத் தரவரிசைக்காரர் எழுதியிருக்கிறார். நேற்று யாரோ ஒரு புதியவர் இசைவகையை மறுபடி மாற்றியிருக்கிறார், இந்த முறை ஆதாரத்தோடு. அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.