81 எப்படி 21 ஆச்சு

நியூஸ்ல வேலையின்மை இத்தனை சதவீதம்தான்னு கம்மியா ஒரு நம்பர் வந்தா எங்க தெரு டீக்கடையில எல்லாரும் சிரிப்பாங்க, நான் மட்டும் டீயையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன், ஏன்னா அந்த நம்பருக்காக வீடு வீடா அலைஞ்சவங்கள்ல நானும் ஒருத்தன். பிஎல்எஃப்எஸ், அதாவது யாருக்கு வேலை இருக்கு யாருக்கு இல்லன்னு கணக்கெடுக்கிற மத்திய அரசு சர்வே, காண்ட்ராக்ட் வேலை, தோள்ல பை, கையில டேப்லெட், மதுரைப் பக்கம் ரெண்டு வருஷம்.

"மேல போய் நம்பரை மாத்திடுவாங்கப்பா"ன்னு சொல்லாத ஆளே இல்ல. சும்மா சொல்லல, 2017-18க்கு 6.1 சதவீதம்னு வந்த ரிப்போர்ட்டை வெளிய விடாம வச்சிருந்தாங்க, புள்ளியியல் ஆணையத்துல ரெண்டு பேர் ராஜினாமாவே பண்ணாங்க, கடைசியில எலக்‌ஷன் முடிஞ்சு 2019 மே 31 அன்னிக்குதான் விட்டாங்க. ஆனா என்கிட்ட யாரும் எதையும் மாத்தி எழுதச் சொன்னதில்ல. மாத்தவே தேவையில்ல, அதான் விஷயம்.

டவுன்ல அப்போ ஒரே வீட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு நாலு தடவை போகணும். ஒரு வீட்ல மெக்கானிக்கல் முடிச்ச பையன், முதல் தடவை "தேடிட்டு இருக்கேன் சார்"னான், டேப்லெட்ல 81ங்கற கோட் போட்டேன், வேலை தேடுறவர்னு அர்த்தம். அடுத்த தடவை போறப்ப அப்பாவோட பெட்டிக்கடையில இருந்தான். போன வாரம் ஒவ்வொரு நாளும் என்ன பண்ணீங்கன்னு கேட்டா, அப்பா சாப்பிடப் போறப்ப ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துப்பேன்னான். சம்பளம்னு கேட்டதுக்கு சிரிச்சான். ரூல்படி ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தா போதும், அவன் வேலையில இருக்கிற ஆள். 21, குடும்பத் தொழில்ல சம்பளமில்லாம ஒத்தாசை பண்றவர். பையனுக்கு வேலை கிடைக்கல, ஆனா வேலையில்லாதவங்கள்ல ஒரு தலை குறைஞ்சிடுச்சு.

அவங்கம்மா டம்ளர்ல மோர் கொண்டுவந்து வச்சிட்டு, "வேலை இல்லைன்னே எழுதுங்க தம்பி, கவர்மெண்ட் பார்த்து எதாச்சும் குடுக்கட்டும்"னாங்க. மோரைக் குடிச்சிட்டு 21ஐ அமுக்குனேன்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கு நம்ம ஊர்ல கண்டுபிடிச்சது இல்ல, ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பு வழியா உலகம் பூரா இருக்கு. மாசச் சம்பளக்காரங்க நிறைஞ்ச நாட்டுக்கு சரிதான், 2023-24ல வேலையில இருக்கிறதா எழுதுனவங்கள்லயே 58.4 சதவீதம் சுயதொழில்னு வந்த நாட்டுக்கு? இங்க கையக் கட்டி சும்மா உக்கார வசதி வேணுமே. பொண்ணுங்க கதை வேற, பி.எட் முடிச்ச ஒரு மருமகள்கிட்ட வேலை கிடைச்சா போவீங்களான்னு கேக்குறேன், உள்ள இருந்து மாமியார் "அதெல்லாம் போகமாட்டா"ங்கறாங்க. 92, வீட்டு வேலை, வேலையில்லாதவங்க பட்டியல்லயே வராது.

காண்ட்ராக்ட் முடிஞ்சு நாலு மாசமாகுது, கூப்பிடுறோம்னாங்க, கூப்பிடல. வீட்டம்மா தையல் மிஷின் வச்சிருக்காங்க, ராத்திரி ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி வச்சுக் குடுக்குறேன். ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகுது.