செத்தல் வாசமும் ஹரோ முகவரியும்: ஒரு தூள் மில்லின் நாட்குறிப்பு

மே 4

மச்சாள் லண்டன் ஹரோவில் இருந்து ஃபோன் எடுத்தாள். "நீ அங்க இருந்து பார்சல் கட்டிக்கொண்டே இரு. இஞ்ச இந்தியத் தூள்காரர் கடை முழுக்கப் பிடிச்சிட்டாங்கள்."

சொல்வதில் பிழையில்லை. இங்கே திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர் சீசனுக்கு வாங்குவதைத் தவிர்த்தால், எங்கள் மில் கறித்தூளில் பெரும்பங்கு லண்டனில்தான் கறியாகிறது. அதுவும் யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் உடுப்புக்கு நடுவே ஒளிந்துபோய். வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம் கடைக்காரர் கேட்பது ஒன்றைத்தான்: பில் போட்டுத் தரக்கூடிய அந்த நாட்டுக் கொம்பனி. வியாபாரத்தை அங்கே கொண்டுபோவது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தாயிற்று. என் கணவரும் ஓம் என்றுவிட்டார். இனிக் கணக்குத்தான்.

மே 9

விசா ஆலோசகர் ஒருவரோடு வீடியோவில் பேசினேன். என்னைப் போன்றவர்களுக்கு இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவாம். 2023 ஏப்ரலில் வந்தது. முன்பு கேட்ட 50,000 பவுண் முதலீட்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் மனம் துள்ளியது. பிறகு மிச்சத்தைச் சொன்னார். அங்கீகாரம் தரும் அமைப்பு ஒன்று திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும், அதற்கு 1,000 பவுண். இரண்டு மீளாய்வுச் சந்திப்புகள், ஒவ்வொன்றுக்கும் 500. சுகாதாரக் கட்டணம் ஆளுக்கு வருடம் 1,035, மூன்று வருடத்துக்கும் முன்கூட்டியே. ஆங்கிலம் பி2 தரம். கொழும்பில் காசநோய்ச் சோதனை. விசாக் கட்டணம் வேறு.

காசு கூடப் பரவாயில்லை. திட்டம் புதிதாக இருக்கவேண்டும், நடைமுறைக்கு ஒத்துவரவேண்டும், பெரிதாக வளரக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறார்கள். கறித்தூளில் என்ன புதிது? ஆலோசகர் சளைக்காமல், "தூள் என்று சொல்லாதீங்கோ, உணவுத் தொழில்நுட்பத் தளம் என்று எழுதுவம்" என்றார். அம்மா கேட்டிருந்தால் அகப்பையைத் தூக்கியிருப்பா. மூன்று வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதுதான் பெரிய தொழிலாகிவிடும்.

மே 17

லிங்கநகர் மில்லில் இன்று செத்தல் மிளகாய் வறுத்தோம். ஒழுங்கை முழுக்கத் தும்மல். பக்கத்து வீட்டு ஐயா முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார். ஒரு நாளும் முறைப்பாடு இல்லை, மாதம் ஒரு பை தூள் அவர் வீட்டுக்குப் போகிறது.

மில்லில் வறுப்புப் பார்க்கும் பெரியக்கா தாச்சிக்கு முன்னால் நின்றால் கைக்கடிகாரம் பார்ப்பதில்லை. மல்லியைக் காதால் வறுக்கிறா. பொரிகிற சத்தம் குறைந்ததும் இறக்கிவிடுவா. நற்சீரகத்துக்கு மூக்கு. செத்தலை இரண்டு விரலால் நொறுக்கிப் பார்த்து, விதை தனியாக உதிர்ந்தால்தான் சரி. எழுதி வைக்கலாம் என்று கொப்பியோடு பக்கத்தில் நின்றேன். "அடுப்பைப் பொறுத்தது பிள்ளை, மழை நாளெண்டா வேற" என்றா. கொப்பியை மூடினேன்.

மச்சாள் ஒரு சிறிய தொழிற்கூடத்தைப் பார்த்து வந்தாள். வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. மிளகாய்ப் புகையை உறிஞ்சி வடிகட்டி வெளியே விட ஒரு பெரிய குழாய் அமைப்பும் வேண்டுமாம். அங்கே அயலவர் துவாய் கட்டமாட்டார்கள், கவுன்சிலுக்கு எழுதுவார்கள்.

ஆகவே வறுப்பு இங்கேதான். இன்று முடிவான ஒரே விஷயம்.

மே 24

இரவு முழுக்க மாற்றுவழி தேடினேன். வியாபாரம் போக நான் போகத்தான் வேண்டுமா? பிரித்தானியக் கொம்பனிக்கு இயக்குநராக இருப்பவர் அங்கே வசிக்கவேண்டும் என்றில்லை. பதிவு முகவரிதான் அங்கே இருக்கவேண்டும். 2025 நவம்பரில் இருந்து இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்தவேண்டும், அவ்வளவுதான். மச்சாளும் நானும் இயக்குநர்கள், முகவரி அவளுடையது. இலாபம் 50,000 பவுணைத் தாண்டாதவரை வரி 19 வீதம். வியாபாரப் பயணியாகப் போய்க் கடைக்காரரோடு விலை பேசலாம், ஒப்பந்தம் எழுதலாம். ஆனால் கடையில் நின்று நானே விற்கக்கூடாது. அது மச்சாளின் பாடு. அவளுக்கு வாய் இருக்கிறது.

தொல்லை இந்தப் பக்கம். முதலீட்டுக் காசை வெளியே அனுப்ப 2017ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிமுக முதலீட்டுக் கணக்கு திறக்கவேண்டும். வங்கியில் அந்தப் பெயரைச் சொன்னதும் தம்பி உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் கொழும்புக்கு எடுத்தார். அத்தோடு, ஏற்றுமதி செய்த பொருளுக்கான பணம் 180 நாளுக்குள் நாட்டுக்குத் திரும்பவேண்டும். வாங்குவது என் சொந்தக் கொம்பனியே என்றாலும் விதி விதிதான். லண்டன் கடைக்காரர் கடன் சொன்னால் நெருப்பு என் தாச்சிக்குக் கீழேதான்.

யூன் 2

ஆய்வுகூட முடிவு வந்தது. மிளகாயில் அஃப்லாடொக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கத்தைய வரம்பு. பூஞ்சை நஞ்சு அது. சரியாகக் காயாத செத்தலில் வரும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. எங்களுடையது தப்பிவிட்டது. சாயமும் இல்லை. 2005இல் சூடான் 1 சாயம் கலந்த மிளகாய்த்தூளால் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளில் இருந்து திருப்பி எடுத்தார்கள். அதற்குப் பிறகு சிவப்பாக எதைக் கண்டாலும் அவர்களுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்.

லேபிளும் முடிந்தது. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களில் கடுகும் ஒன்று. அம்மாவின் கலவையில் ஒரு கைப்பிடி கடுகு உண்டு. எனவே மற்ற எழுத்துகளை விடத் தடித்த எழுத்தில் கடுகு. ஹரோ கவுன்சிலில் உணவு வியாபாரமாகப் பதிய மச்சாள் விண்ணப்பித்துவிட்டாள். தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன் பதியவேண்டும், கட்டணம் இல்லை. இந்த முழு விவகாரத்திலும் இலவசமாகக் கிடைத்தது அதுதான்.

பெட்டிகள் லொறியில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும். உலகமே புகழும் இயற்கைத் துறைமுகத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, கொள்கலன் கப்பலுக்குத் தீவை அறுத்துக் குறுக்கே ஓடவேண்டியிருக்கிறது. சீனன்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

யூன் 10

மில்லில் எல்லோரையும் இருத்திச் சொன்னேன்: யாருக்கும் வேலை போகாது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில்தான் ஆட்குறைப்புக்குத் தொழில் ஆணையாளரின் அனுமதி தேவை. நாங்கள் அதற்குக் கீழே. அதனால் அவர்கள் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் வழமைபோல் போகும்.

பெரியக்கா மட்டும் எழும்பவில்லை. மற்றவர்கள் போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டா:

"லண்டன் கொம்பனியில பங்காமே, ஆருக்கு?"

"எனக்கும் மச்சாளுக்கும், அக்கா."

"மச்சாள் எப்ப தாச்சிக்கு முன்னால நிண்டவ?"

பதில் வரவில்லை எனக்கு. சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்றேன். சம்பளம் வேற, பங்கு வேற என்றா. எத்தனை வீதம் என்று கேட்டேன். அதை நீயே யோசி, நாளைக்குச் சொல்லு என்று மிதியடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டா.

மச்சாளுக்கு எடுத்தேன். அஞ்சு வீதம் என்கிறாள். நான் பத்துக்குக் கீழே போகமாட்டேன் என்றேன். இன்னும் பேசி முடியவில்லை.